நைனாவின் சிவப்பு கிரீஸ்

கிரீஸைப் பற்றி ஒரு கட்டுரை எழுதும் நாள் வருமென நாங்கள் எண்ணியதில்லை. சங்கப் பாட்டும் சிறுகதையும் பேசப்படும் இடத்தில் இந்த அழுக்குக்கு என்ன வேலை என்று வாசக நண்பர்கள் கேட்கக்கூடும். கொஞ்சம் பொறுத்தருள வேண்டுகிறோம்.

'நாங்கள்' யாவர் என்பதை முதலில் சொல்லிவிடுதல் நலம். திருவொற்றியூரில், எண்ணூர் நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்ளடங்கிய தெருவொன்றில், ஒரே கூரையின் கீழ் வாழும் மூவர் நாங்கள்: நைனா, வாத்தியார், பையன். நைனா எண்ணூரில் லாரி செய்யும் ஆலையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் ஃபிட்டராக இருந்து 2006இல் ஓய்வு பெற்றவர். வாத்தியார் அவர் மகன். கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர். இதை எழுதுபவரும் அவரே. பையன் வாத்தியாரின் மகன். தவறுகளிலும் அவற்றைத் திருத்தியதிலும் மூவருக்கும் பங்குண்டு என்பதால் பன்மையில் எழுதுவதே முறை. வீட்டில் நான்காவதாக ஒருவர் உண்டு. சாப்பாட்டு மேசையில் மண்ணெண்ணெய் வாடை வீசிய நாள்முதல் இந்தப் பன்மையில் சேர அவர் மறுத்துவிட்டார்.

2022ஆம் ஆண்டு கோடையில், வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன பழைய மாணவர் ஒருவர் தம் மாதிரி ஹெலிகாப்டரைப் பையனுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். வானொலி அலையால் இயக்கப்படுவது. பொழுதுபோக்காளர்கள் 450 வகை என்று குறிப்பிடும் அளவினது. மூக்கு முதல் வால்வரை ஒரு முழத்துக்கு மேலே நீளும். இதைப் பொம்மை என்று சொன்னால் பையனுக்குக் கோபம் வரும். பொம்மையை இளக்காரமாகப் பேசக்கூடாத ஊர்தான் இது, எம்.ஆர்.எஃப். நிறுவனம் 1946இல் இதே திருவொற்றியூரில் ஒரு கொட்டகைக்குள் விளையாட்டுப் பலூன் செய்துதான் தொடங்கியது. ஆனால் இது பொம்மை அன்று என்பதை நாங்கள் பின்னர் நேரில் கண்டோம்.

ஹெலிகாப்டரின் உள்ளே இருபதுக்கு மேற்பட்ட பேரிங்குகள் உள்ளன. எங்கள் பக்கத்து சைக்கிள் கடைகளில் இவற்றின் குண்டுகளைப் 'பால்ரஸ்' என்பார்கள். 'ஓவரால்' என்ற ஆங்கிலச் சொல் அதே கடைகளில் 'ஓவராயில்' ஆகிவிட்டது. எண்ணெய் போடுவதுதானே என்று மக்கள் தாமே ஒரு பொருளைக் கற்பித்துக்கொண்டதால் நேர்ந்த திரிபு அது. மொழியியல் வகுப்பில் வாத்தியார் ஆண்டுதோறும் சொல்லும் எடுத்துக்காட்டு இது. அந்த ஓவராயிலைத்தான் நாங்கள் ஹெலிகாப்டருக்குச் செய்ய முற்பட்டோம். இரண்டாம் கையாக வந்த இயந்திரம். கடற்காற்றில் எத்தனை நாள் கிடந்ததோ. வாலைச் சுழற்றினால் மெல்லிய கரகரப்பு கேட்டது.

நைனா பரணிலிருந்து தம் டப்பாவை இறக்கினார். உள்ளே குங்குமச் சிவப்பில் கிரீஸ். லாரிச் சக்கரங்களின் பேரிங்குக்கு இடுவது.

"கிரீஸுன்னா செவப்புதான்டா கண்ணு. மீதியெல்லாம் வெண்ணெ" என்றார் பேரனிடம்.

"தாத்தா, மேனுவல்ல வேற மாதிரி போட்டிருக்கு."

"அத எழுதுனவன் எண்ணூர் காத்துல ஒரு நாளாவது இருந்திருக்கானா?"

இந்த வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. உப்புக் காற்றில் பேரிங்கு எஃகு துருவேற அதிக நாள் வேண்டாம். அனல்மின் நிலையச் சாம்பலின் நுண்துகள் புகுந்தால் அது அரத்தூளுக்கு நிகர். எனவே இங்கே கிரீஸ் வழுக்கச் செய்வதோடு குடையாகவும் இருந்தாக வேண்டும். எங்கள் தெருவில் மீன்பாடி வண்டி வைத்திருப்போர் சக்கரக் குடத்தில் கிரீஸை வழிய வழிய அப்புவது இதனால்தான்.

அன்று வேலை இவ்வாறு பிரிந்தது. பையன் திருகாணிகளைக் கழற்றினான். பழைய கிரீஸைக் கழுவும் பொறுப்பு வாத்தியாருடையது. புதியதை இடுவது நைனா. இன்னொரு டப்பாவில் மாலிப்டினம் கலந்த கறுப்பு கிரீஸும் வைத்திருந்தார். உருளைகள் கொண்ட பேரிங்குக்குக் கறுப்பு, குண்டுகள் கொண்டதற்குச் சிவப்பு என்பது அவர் கணக்கு.

பறக்கவிடுவதற்குப் பொன்னேரிக்கு அப்பால் உறவினர் ஒருவரின் தரிசு நிலத்தைத் தேர்ந்தோம். 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள் வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பிரித்திருக்கின்றன. துறைமுகமும் எண்ணெய்க் கிடங்குகளும் சூழ்ந்த எங்கள் ஊரில் மொட்டைமாடியிலிருந்து எதையும் ஏவ நாங்கள் துணியவில்லை. முதல் மூன்று ஞாயிறுகள் இனிதே கழிந்தன. பிளேடுகளின் மேல் மெல்லிய எண்ணெய்க் கோடுகள் தெரிந்ததைப் பையன் சொன்னான். கிரீஸ் 'செட்டாவுது' என்றார் நைனா. வாத்தியார் ஒன்றும் சொல்லவில்லை.

நான்காம் ஞாயிறு, ஆகஸ்ட் மாதம். ஹெலிகாப்டர் ஓர் ஆள் உயரத்தில் நின்றுகொண்டிருந்தது. திடீரென மோட்டாரின் ஒலி கிறீச்சென உயர்ந்தது. அதே கணத்தில் மேலே சுழன்ற பிளேடுகள் தளர்ந்தன. இயந்திரம் பொத்தென இறங்கித் தரையில் மோதியது. வளைந்த பிளேடு வால்தண்டை வெட்டி முறிந்தது. முறிந்த துண்டு எங்கே போயிற்று என்று எங்களுள் எவரும் பார்க்கவில்லை. பதினைந்து தப்படி தள்ளி, பனைமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் நைனா உட்கார்ந்திருந்தார். நாற்காலியின் முன்கால் சீவப்பட்டிருந்தது. அவருடைய கணுக்காலுக்கும் அதற்கும் நான்கு விரற்கடைதான் இடைவெளி.

வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தோம். மோட்டாருக்கும் சுழலிக்கும் நடுவே ஒன்வே பேரிங் என ஒன்று உண்டு. ஒரு திசையில் பற்றிக்கொள்ளும், மறு திசையில் விட்டுவிடும். மோட்டார் நின்றுபோனாலும் சுழலி தன் வேகத்தில் சுழன்று மெல்ல இறங்குவதற்கான ஏற்பாடு. ஊசி போன்ற உருளைகள் சரிவில் சிக்கி இறுகுவதால்தான் அந்தப் பற்று உண்டாகிறது. அதில் நைனா கறுப்பு கிரீஸை இட்டிருந்தார். மாலிப்டினம் டைசல்பைடு வழுக்குவதற்கென்றே சேர்க்கப்படுவது. பற்ற வேண்டிய இடத்தில் வழுக்குப் பொருள். உருளைகள் எதைப் பற்றும்?

அதோடு நிற்கவில்லை. பிளேடுகளைப் பிடித்திருக்கும் பிடிகளுக்குள், சட்டைப் பொத்தானைவிடச் சிறிய த்ரஸ்ட் பேரிங் ஒவ்வொன்று இருக்கும். அவற்றில் சிவப்பு கிரீஸைக் காணோம். பழுப்பு நிறத்தில் நீர்த்த எண்ணெய் ஒரு சொட்டு இருந்தது. வளையங்களில் குண்டுகள் கிழித்த தடம் நகத்தில் இடறியது. அன்று மோட்டார் வழுக்கியிராவிட்டால் அடுத்த வாரமோ அதற்கடுத்த வாரமோ இந்தப் பேரிங் போயிருக்கும்; அப்போது முழுப் பிளேடே கழன்று பறந்திருக்கலாம்.

நைனா நெடுநேரம் அந்த வளையத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கை மறந்துபோச்சு" என்றார். டப்பாக்களைத் தாமே பரணில் ஏற்றிவிட்டார். பிறகு நாங்கள் மேசையில் கூடும்போது அவர் திண்ணையில் இருக்கலானார். பையன் கூப்பிட்டால் "கண்ணு தெரியல, நீயே பாரு" என்பார். அவ்வாறு ஆறு வாரம் கழிந்தது.

சொல்லியே ஆக வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கழுவும் பொறுப்பு வாத்தியாருடையது என்றோம். அவர் கழுவவில்லை. விடைத்தாள் கட்டு ஒன்று காத்திருந்தது. பழைய வெள்ளை கிரீஸின்மீது துணியை ஓட்டிவிட்டு நைனாவிடம் நீட்டிவிட்டார். துடைத்தால் போதாதா என்பது அவர் எண்ணம். அது தவறோ என்ற ஐயம் அன்று இரவே எழுந்தது. எழுந்தும் அவர் வாய் திறக்கவில்லை.

ஐயத்தைத் தீர்க்கப் படிக்கலானோம். கிரீஸ் என்பது கெட்டிப்பட்ட எண்ணெய் அன்று. எண்ணெயைத் தன் நுண்ணிய நார்களுக்குள் பிடித்து வைத்திருக்கும் ஒருவகைச் சோப்பு அது. அகலில் எரிவது எண்ணெய். திரி அதை வேண்டும் அளவுக்கு மேலேற்றித் தருகிறது. கிரீஸிலும் உயவுகிற வேலையைச் செய்வது எண்ணெய்தான். சோப்பு வெறும் திரி. சோப்பு லித்தியமாக இருக்கலாம், கால்சியமாக இருக்கலாம். சோப்பே அல்லாத களிமண்ணாகவோ பாலியூரியாவாகவோ இருக்கலாம். ஒத்துப்போகாத இரண்டைக் கலந்தால் நார்ப்பின்னல் குலைந்து, பிடித்திருந்த எண்ணெய் எல்லாம் வழிந்துவிடும். எங்கள் த்ரஸ்ட் பேரிங்கில் நேர்ந்தது அதுவே. அந்த வெள்ளை எந்த வகை என்று இன்றுவரை தெரியாது. சிவப்போடு அதற்கு ஒட்டவில்லை என்பது மட்டும் உறுதி. குற்றம் சிவப்பினுடையது அன்று, துணியினுடையது.

நிறத்தைப் பற்றியும் ஒரு தெளிவு கிடைத்தது. சிவப்பு, நீலம், பச்சை எல்லாம் பெரும்பாலும் சாயம். இந்த நிறத்துக்கு இந்தக் குணம் என்று எந்த விதியும் இல்லை. டப்பாவின்மேல் 2 என்றிருந்த எண்ணும் எங்களை ஏமாற்றியது. அது என்.எல்.ஜி.ஐ. என்னும் அமெரிக்க அமைப்பு வகுத்த கெட்டித்தன்மை எண். 25 பாகை வெப்பத்தில் ஒரு கூம்பை ஐந்து நொடி கிரீஸில் இறங்கவிட்டு, அது 26.5 முதல் 29.5 மில்லிமீட்டர்வரை புதைந்தால் அதற்கு எண் 2. உள்ளே இருக்கும் எண்ணெய் தேன்போன்றதா தண்ணீர்போன்றதா என்பதை அந்த எண் சொல்வதில்லை. ஆனால் தேர்வு முழுவதும் அதில்தான் அடங்கியிருக்கிறது.

ஹெலிகாப்டரின் வால் நிமிடத்துக்குப் பன்னிரண்டாயிரம் சுற்றையொட்டிச் சுழல்வது. அங்கே சக்கர கிரீஸின் தடித்த எண்ணெய் வேண்டாத இழுவையையும் சூட்டையும் தரும். மெல்லிய எண்ணெய் கொண்ட கிரீஸ், அதுவும் உள்ளிடத்தில் மூன்றிலொரு பங்கு நிரம்பினால் போதும். மீன்பாடி வண்டிக்கு அப்புவதுபோல் அப்பினால், குண்டுகள் சேற்றில் உழுவதுபோல் உழுது சூடேறும். இருபுறமும் மூடப்பட்ட சிறு பேரிங்குகளுக்கோ நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை. கரகரத்தால் மாற்றிவிட வேண்டியதுதான். ஒன்வே பேரிங்குக்கு வழுக்குச் சேர்க்கை எதுவுமற்ற மெல்லிய எண்ணெய் இரண்டு சொட்டு.

த்ரஸ்ட் பேரிங்கின் கதை வேறு. பிளேடு ஒன்றின் எடை ஏறக்குறைய 35 கிராம். அது நிமிடத்துக்கு 2,800 முறை சுழல்கையில் வெளிநோக்கி இழுக்கும் விசையைப் பையன் கணக்கிட்டான். 600 நியூட்டன் வந்தது. அதாவது 60 கிலோ எடையைக் கட்டித் தொங்கவிட்டதற்குச் சமம். நைனாவின் எடையும் அவ்வளவே. சட்டைப் பொத்தானைவிடச் சிறிய பேரிங் அதைத் தாங்க வேண்டும். தாங்கிக்கொண்டு முழுச் சுற்றும் சுற்றாமல், பிளேடின் சாய்வு மாறும்போதெல்லாம் சில பாகை முன்னும் பின்னும் அசைய வேண்டும். வேகமாகச் சுழலும் குண்டு தனக்கடியில் எண்ணெய்ப் படலத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். இப்படி அசைந்து நிற்கும் குண்டுக்கு அந்தப் பேறு இல்லை. கிரீஸையோ, புவியீர்ப்பைப்போல் இருநூறு மடங்குக்கு மேற்பட்ட விசை வெளியே இழுத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே இங்கே வேண்டுவது ஒட்டிக்கொள்ளும், தடித்த எண்ணெய் கொண்ட, கடும் அழுத்தம் தாங்கும் சேர்க்கைகள் கலந்த கிரீஸ். சுருங்கச் சொன்னால், லாரிச் சக்கரத்துக்கு இடுவது.

இதைப் படித்த இரவு வாத்தியாருக்கு உறக்கம் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை, பேரிங் வாங்க வேண்டும் என்று சொல்லி நைனாவை அழைத்துக்கொண்டு மூவரும் கிளம்பினோம். 2021இல் விம்கோ நகர்வரை நீட்டப்பட்ட மெட்ரோவில் தேரடி நிலையத்தில் ஏறினோம். வண்டி மேம்பாலத்திலிருந்து நிலத்துக்கடியில் நுழைந்ததும் ஒலி மாறியது. நைனாவின் செவிக்கு எட்ட வேண்டுமானால் உரக்கப் பேச வேண்டும். எதிர் இருக்கைக்காரர்கள் கேட்கும்படியாகத்தான் வாத்தியார் தம் குற்றத்தைச் சொன்னார். "நைனா, அன்னிக்கு நான் கழுவல. தொடச்சு மட்டும் கொடுத்தேன். செவப்பு மேல தப்பில்ல."

நைனா சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். சுரங்கத்தில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. வண்ணாரப்பேட்டை நிலையம் கடந்தபின் கேட்டார்: "கருப்பு?"

"கருப்பு தப்புதான்."

"அது எம்மேல." சற்று நேரம் கழித்து, "மண்ணெண்ணெயில ஊறப்போடாம எந்த வாத்தியார்டா சொல்லிக் கொடுத்தான் ஒனக்கு?" என்றார். சிறு வயதில் இந்த வாத்தியாருக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஆலையிலிருந்து நைனா நேரே பள்ளிக்கு வந்து நின்றால், நகக்கண்ணில் கறுப்பு படிந்த அந்தக் கையைப் பிடிக்காமல் அரையடி தள்ளி நடப்பது. அதை இருவரும் பேசியதில்லை. அன்றும் பேசவில்லை.

மண்ணடியில் இறங்கி லிங்கிச் செட்டித் தெருவுக்கு நடந்தோம். அந்தப் பகுதியில் பேரிங்குக் கடைகள் பல. சுவர் முழுக்கச் சின்னஞ்சிறு அட்டைப் பெட்டிகள் அடுக்கிய கடையொன்றில் நைனா பேச்சைத் தொடங்கினார். நாங்கள் இருவரும் பின்வாங்கி நின்றோம். கடைக்காரர் காட்டிய ஒவ்வொரு பேரிங்கையும் காதருகே வைத்துச் சுழற்றினார். பாதிச் செவிடான காதில் என்ன கேட்டதோ, விரலில் கேட்டிருக்க வேண்டும். இரண்டைத் திருப்பிக் கொடுத்தார். கடைக்காரர் பேச்சுவாக்கில் ஒரு செய்தி சொன்னார். லித்தியம் கிரீஸ் பெரும்பாலானவற்றில் சோப்பாக்கப்படும் கொழுப்பமிலம் ஆமணக்கிலிருந்து எடுக்கப்படுகிறதாம். பின்னர் சரிபார்த்தோம், உண்மையே. நைனாவின் முகம் மலர்ந்தது. அவர் பிறந்த ஊரில் அவருடைய ஆயா வைக்கோலைக் கருக்கி விளக்கெண்ணெயில் குழைத்து வண்டி மை செய்வாராம். மூங்கில் குழாயில் அடைத்து வண்டியடியில் தொங்கவிடுவார்களாம்.

வாத்தியார் தம் பங்குக்குப் புறநானூற்றின் 102ஆம் பாட்டை நினைத்துக்கொண்டார். உப்பு வணிகர் வண்டியின் அடியில் கட்டிச் செல்லும் சேம அச்சு அதில் வருகிறது. பொகுட்டெழினிக்கு ஔவை சொன்ன உவமை. அச்சை ஏற்றிச் சென்றவர்கள் மையையும் ஏற்றிச் சென்றிருப்பார்கள் அல்லவா? இன்னொன்று: பாடநூல் தமிழ் 'உயவு எண்ணெய்' என்கிறது. பழம்பாட்டில் உயவு என்றால் வருத்தம். இரண்டும் எங்கே கைகோத்தன என்று கடைக்காரரிடம் கேட்க வாய் வந்தது. பையன் முழங்கையால் இடித்தான்.

பேரிங்குகளோடு, வாலுக்கு மெல்லிய கிரீஸ் ஒரு சிறு குழலும் ஒன்வேக்கு மெல்லிய எண்ணெய் ஒரு புட்டியும் வாங்கினோம். "தடிச்ச கிரீஸ் வேணாமா?" என்றார் கடைக்காரர். "ஊட்ல இருக்கு" என்றார் நைனா.

அன்று மாலை பரணிலிருந்து டப்பா இறங்கியது. இம்முறை வாத்தியார் பிடிகளையும் திருகாணிகளையும் அரை மணி நேரம் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, தூரிகையால் தேய்த்து, உலரவைத்து, மறுபடியும் ஊறவைத்தார். நைனா ஒவ்வொன்றையும் வெயிலில் திருப்பிப் பார்த்து ஒருமுறை திருப்பி அனுப்பினார். த்ரஸ்ட் பேரிங்கின் இரு வளையங்களும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். ஆனால் ஒன்றின் துளை மயிரிழை பெரியது. பெரிய துளை சுழலியின் நடுவை நோக்கியும், சிறியது வெளியே திருகாணியின் தலையை நோக்கியும் அமைய வேண்டும். மாற்றிப் போட்டால் எந்தக் கிரீஸும் காப்பாற்றாது. பையன் வெர்னியரைத் தேடி எழுந்தான். அவன் திரும்பி வருவதற்குள் நைனா இரண்டையும் தண்டில் கோத்துப் பார்த்து, சிறியதை வலப்புறம், பெரியதை இடப்புறம் வைத்திருந்தார். அளந்தோம். சரியாக இருந்தது.

"கண்ணு தெரியலன்னீங்க தாத்தா?"

"இதுக்கு எதுக்குடா கண்ணு?"

சிவப்பு கிரீஸைக் குண்டுகளுக்கு இடையே ஈர்க்குச்சி நுனியால் அடைத்தார். பிதுங்கியதை வழித்துத் திரும்ப டப்பாவிலேயே போடப் போனவர், நிறுத்தி, பழந்துணியில் துடைத்தார். திறந்த டப்பாவுக்குள் அழுக்கு போகக்கூடாது என்பது பையன் படித்துச் சொன்னது. அதைத் தமக்கு முன்பே தெரியும் என்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டார்.

முறிந்த பிளேடுகளுக்குப் புதியவை வந்துசேரத் தீபாவளி ஆகிவிட்டது. தரிசு நிலத்தில் நைனாவின் நாற்காலி இப்போது நாற்பது தப்படி தள்ளி, பனைமரத்துக்குப் பின்னால் போடப்படுகிறது. அங்கிருந்து ஒன்றும் தெரியவில்லை என்று ஒவ்வொரு முறையும் முறையிடுகிறார். பத்துமுறை பறந்தால் ஒருமுறை பிடிகளைத் திறந்து பார்ப்பது என்று வைத்திருக்கிறோம். சென்ற முறை திறந்தபோதும் கிரீஸ் இடத்திலேயே இருந்தது, சற்றே கறுத்த சிவப்பில். பையன் மூடப் போனான். நைனா "இரு" என்று வாங்கி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு துளியைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, விரல்களை வாத்தியாரின் பக்கம் நீட்டினார். வாத்தியாரும் தொட்டுப் பார்த்தார். மண் இல்லை.